இணையத்தில் வேலை தேடும் இளைஞர்களே, விளம்பரத்துக்குப் பின்னால் இருப்பவர் யார்?

ஒரு காலத்தில் வளைகுடா வேலை என்றால் விடுமுறையில் ஊருக்கு வந்த மாமாவோ மச்சானோ சொல்லித்தான் தெரியும். இல்லையென்றால் கடைத்தெருவில் இருக்கும் டிராவல்ஸ்காரர் சொல்வார். அவர் ஏமாற்றினாலும் அவருடைய வீடு எங்கே என்று தெரியும். நாலு பெரியவர்களை அழைத்துக்கொண்டு போய்க் கேட்கலாம்.

இன்று அந்த வேலையை வாட்ஸ்அப் குழுக்களும் டெலிகிராம் சேனல்களும் பேஸ்புக் பக்கங்களும் செய்கின்றன. இணையம் வந்தால் இடைத்தரகர் ஒழிவார் என்று நினைத்தோம். அவர் ஒழியவில்லை, முகத்தை மறைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

படித்தவர்களே இலக்கு

தாய்லாந்தில் கணினி வேலை, கை நிறைய சம்பளம், விமான டிக்கெட் இலவசம் என்று வந்த விளம்பரங்களை நம்பிச் சென்றவர்கள் பலர். பாங்காக்கில் இறங்கியவர்கள் சாலை வழியாக எல்லைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஆற்றைக் கடந்து மியான்மரின் மியாவாடி பகுதியில் அடைக்கப்பட்டனர். கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது. இணைய மோசடி செய்வதுதான் அங்கே கொடுக்கப்பட்ட வேலை. மறுத்தவர்களுக்கு அடியும் உதையும் கிடைத்தன.

2022 செப்டம்பரிலேயே இந்திய வெளியுறவுத் துறை இதுபற்றி எச்சரித்தது. அடுத்த மாதம் தமிழக இளைஞர்கள் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தனர். ஆனாலும் பயணங்கள் நிற்கவில்லை. 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களை அனுப்பி 549 இந்தியர்களை மீட்க வேண்டியிருந்தது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வாறு சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்ட்டில் கூறியது.

இவர்களில் பலர் பட்டதாரிகள். ஆங்கிலமும் கணினியும் அறிந்தவர்கள். படித்தவன் ஏமாற மாட்டான் என்ற நம் எண்ணம் இங்கே பொய்யாகிறது.

சட்டத்தில் உள்ள இடைவெளி

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதென்றால் அரசின் குடிபெயர்வு அனுமதியும், 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் கட்டாயம்.

பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. சுற்றுலா விசாவில் செல்பவர்களுக்கும் தேவையில்லை. ஆகவே படித்த இளைஞன் சுற்றுலா விசாவில் புறப்படும்போது, அவன் எந்த வேலைக்கு, யாரிடம் செல்கிறான் என்பது அரசின் எந்தப் பதிவிலும் இருப்பதில்லை. மோசடிக் கும்பல் பயன்படுத்துவது இந்த இடைவெளியைத்தான்.

பணம் கொடுக்கும் முன்

முதலில், ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் அந்த எண் இருக்கிறதா, இன்னும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். எண்ணைத் தர மறுத்தால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, விசாவின் வகையைப் பாருங்கள். 'விசிட் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்பவரை நம்பாதீர்கள். 'ஃப்ரீ விசா' என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. ஒருவர் பெயரில் விசா எடுத்து, உரிய அனுமதியில்லாமல் வேறொருவரிடம் வேலை செய்தால், பிடிபடும் நாளில் குற்றவாளியாக நிற்பது தொழிலாளிதான்.

மூன்றாவது, நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு நீங்களே பேசிக் கேளுங்கள். விளம்பரத்தில் உள்ள எண்ணுக்குப் பேசினால், மோசடிக்காரரே 'ஆமாம், உண்மைதான்' என்பார். ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி, ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. கம்பெனியே பணம் கேட்டால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

நான்காவது, பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

மௌனம் யாருக்கு லாபம்?

ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் வெளியே சொல்வதில்லை. உம்மாவின் நகை அடகில் இருக்கும், தங்கையின் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும். 'ஊருக்குத் தெரிந்தால் கேவலம்' என்று குடும்பமே வாய் மூடிக்கொள்கிறது. அந்த மௌனத்தில்தான் அதே விளம்பரம் பக்கத்துத் தெருப் பையனின் கைபேசிக்குப் போய்ச் சேருகிறது.

இதற்குப் பெரிய திட்டமோ நிதியோ தேவையில்லை. ஒவ்வொரு ஜமாஅத்திலும் விவரம் தெரிந்த இரண்டு இளைஞர்கள் வாரம் ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு உட்கார்ந்து, வெளிநாடு செல்பவர்களின் ஏஜென்ட் பதிவையும் விசாவையும் ஒப்பந்தத்தையும் சரிபார்த்துக் கொடுக்கலாம். ஏமாந்து திரும்பியவர்களைக் கேலி செய்யாமல், நடந்ததை அவர்களே சொல்லச் செய்யலாம்.

இணையத்தில் வேலை தேடுவது தவறல்ல. நல்ல வேலைகள் அங்கே நிறையவே இருக்கின்றன. ஆனால் அன்று டிராவல்ஸ்காரரின் வீட்டை விசாரித்த பிறகே பணம் கொடுத்த நாம், இன்று முகம் தெரியாதவருக்குக் கைபேசியில் ஒரு நொடியில் அனுப்பிவிடுகிறோம். அந்தப் பழைய விசாரிப்பை விட்டுவிடாமல் இருந்தாலே பாதி ஆபத்து குறைந்துவிடும்.