பாறையைச் சோதிக்க வருகிறவர்களிடம் கேளுங்கள்!



காவிரிப் படுகையில் துளை போடுகிறவர்களைக் கேட்டால், "சும்மா பாறையைப் பாக்குறோம்" என்பார்கள். என்னத்தைப் பாக்குறாங்க?

எண்ணெய் தேங்கி நிற்கும் மணற்பாறை வேறு, அது விளைந்த தாய்ப்பாறை வேறு. நம்ம ஆண்டிமடம் பேரிலேயே ஒரு தாய்ப்பாறை அடுக்கு இருக்கு. பத்துக் கோடி வருஷத்துக்கு முந்திய களிமண், அதில் மக்கிய செடியும் பாசியும். துளையிலிருந்து வரும் சில்லை உலையில் சுடுவார்கள். கரிமச் சத்து நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லையென்றால் தள்ளிவிடுவார்கள். ஒன்றுக்கு மேலே போனால் கண் விரியும். அப்புறம் வேக்காடு பார்ப்பார்கள். பூமிச் சூடு 60 டிகிரிக்குக் கீழே என்றால் வேகாத சோறு. 60 முதல் 120 வரை எண்ணெய். அதற்கும் மேலே போனால் வாயு.

இந்தச் சோதனையால் நமக்குக் கெடுதல் இல்லை. 'நல்லா இருக்கு'ன்னு அறிக்கை வந்த பிறகுதான் வம்பு. மணற்பாறை எண்ணெய் கிணறு போட்டால் வரும். தாய்ப்பாறைக்குள்ளேயே சிக்கிய ஷேல் வாயு அப்படி வராது. தண்ணீர், மணல், ரசாயனம் கலந்து அழுத்திப் பாறையை உடைக்கணும். ஒரு கிணற்றுக்கே கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் கேட்கும். கடைமடைக்கு நாமே நாள் எண்ணுகிறோம், இவர்களுக்கு எங்கிருந்து கொடுப்பது?

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளைத் தடுக்கிறது. நல்லதுதான். ஆனால் முன்பே நடக்கும் வேலைகளை அது தொடாது என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கு.

ஆகவே, நம் ஊரில் எடுத்த பாறையின் அறிக்கையைத் தமிழில், கிராம சபையில் வை! எந்த ஆழம், எந்த அடுக்கு, அடுத்து என்ன வேலை என்று எழுத்தில் கொடு!