சுத்தியல் தட்டினால் திருட்டு தீருமா?

குத்தம்பாக்கத்திலிருந்து தோழர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கும் கடிதத்தின் சாரமாவது:-

"எங்கள் பங்காளி ஒருவர் பெங்களூர் ரோட்டோரத்து நிலத்தை விற்று, கையில் பணம் சேர்ந்து, புது பங்களா கட்டியிருக்கிறார். அதன் கூடத்தில் வைப்பதற்குப் பழங்காலத்துச் செப்புச் சிலை ஒன்றும், பெயர் பெற்ற ஓவியரின் படம் ஒன்றும் ஏலத்தில் எடுக்கப் போகிறாராம். 'அவை எங்கிருந்து வந்தனவோ' என்று கேட்டேன். 'பெரிய ஏலக் கம்பெனி புஸ்தகம் அச்சடித்து, ரசீது கொடுத்து விற்கிறது; அதில் திருட்டு எப்படி இருக்கும்?' என்கிறார். இடிக்கப் போகும் எங்கள் பழைய வீட்டின் செதுக்கு வேலைத் தூண்களுக்கும் ஒரு தரகர் வந்து விலை பேசுகிறார். தங்கள் அபிப்பிராயம் என்ன?"

நம் அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகின்றோம். திருட்டுச் சாமானைச் சந்தையில் விற்றால் அது திருட்டுச் சாமான். அதையே வழவழப்பான காகிதத்தில் படம் போட்டு, மேடை கட்டி, கோட்டுப் போட்ட ஒருவர் சுத்தியல் தட்டி விற்றால் "கலைச் செல்வம்" ஆகிவிடும் என்று நம்புவது, குளத்தில் முழுகினால் பாவம் போகும் என்று நம்புவதைப் போன்ற மூட நம்பிக்கையே. குளத்தை நம்புகிறவனைப் பாமரன் என்கிறோம். சுத்தியலை நம்புகிறவனை ரசிகன் என்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏலம் என்பது நமக்குப் புதிதல்ல. ஏரி மீன் ஏலம், புளியமரத்து ஏலம், பாங்கியில் மூழ்கிப்போன நகை ஏலம் எல்லாம் கண்டவர்கள்தான் நாம். இவற்றிலெல்லாம் சொத்து யாருடையது என்பது முதலிலேயே தெரியும். ஏரி ஊருக்குப் பொது; நகை அடகு வைத்தவனுடையது; அவனுக்கு நோட்டீசும் போகும். ஆனால் லண்டனிலும், நியூயார்க்கிலும், ஹாங்காங்கிலும் நடக்கும் பழம்பொருள் ஏலத்தில் விற்கிறவன் யார் என்று கேட்பதே மரியாதைக் குறைவு. "ஐரோப்பியக் கனவான் ஒருவரின் சேகரிப்பிலிருந்து" என்று ஒரு வரி அச்சடித்துவிட்டால் அதுவே பூர்வோத்திரம். நம் கோயில்களின் தல புராணத்துக்கும் இதற்கும் என்ன பேதம்? அதிலும் ஆதாரம் கேட்கக் கூடாது. இதிலும் கேட்கக் கூடாது.

விலை ஏறும் விதத்தையும் பாருங்கள். "இதற்குக் கீழே கொடேன்" என்று விற்பவன் ஒரு தொகையை ரகசியமாகச் சொல்லி வைப்பான். அந்தத் தொகையை எட்டும் வரையில் விற்பவன் சார்பில் ஏலக்காரரே விலை கேட்டுக்கொண்டு போகலாம். கூட்டத்தில் இருப்பவர், "நமக்கு முன்னே யாரோ கேட்கிறாரே" என்று பதறிக் கை தூக்குவார். விற்பவனிடம் தரகு வாங்கியது போதாதென்று, 1975 முதல் லண்டனில் வாங்குகிறவனிடமும் தரகு வாங்கத் தொடங்கினார்கள். அன்று நூற்றுக்கு 10. இன்று பெரிய கம்பெனிகளில் 20-க்கும் மேல்.

இந்தப் பெரிய கம்பெனிகளின் யோக்கியதையையும் சற்றுச் சொல்லுவோம். 1744-இல் தோன்றிய சாதபீஸும், 1766-இல் தோன்றிய கிறிஸ்டீஸும் உலகில் இத்தொழிலின் இரு தூண்கள். இவ்விரண்டும் வெளியே போட்டிக்காரர்களாக இருந்துகொண்டு, உள்ளே தரகு விகிதத்தைப் பேசி வைத்துக்கொண்டன என்பது 2000-த்தில் வெளிப்பட்டது. ஏமாந்த வாடிக்கைக்காரர்களுக்கு இரண்டுமாகச் சேர்ந்து 51 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது. சாதபீஸின் தலைவராயிருந்த ஆல்பிரட் டாப்மன் 2001-இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, மறு வருஷம் சிறைக்குப் போனார். தம்மிடம் வாங்கும் சீமான்களையே ஏமாற்றினவர்கள், சிலையைப் பறிகொடுத்த ஒரு தமிழ்க் கிராமத்துக்காகக் கவலைப்படுவார்கள் என்று குத்தம்பாக்கத்துப் பங்காளி எதைக் கண்டு நம்புகிறார்?

நிற்க. ஏலத்தில் போன சிலை ஒன்றின் கதையைக் கேளுங்கள். கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோயில் என்னும் ஊரில் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே திருமங்கையாழ்வாருக்கு ஒரு செப்புச் சிலை இருந்தது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1957-இல் அதைப் படம் பிடித்து வைத்தார்கள். பத்தே வருஷத்தில், 1967-இல், அது லண்டன் சாதபீஸ் ஏலத்தில் நின்றது. ஆக்ஸ்ஃபோர்டு சர்வகலாசாலையின் ஆஷ்மோலியன் மியூசியம் அதை வாங்கியது. 2019-இல் ஓர் ஆராய்ச்சியாளர் பழைய படத்தையும் மியூசியத்துச் சிலையையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. 2020-இல் இந்தியா உரிமை கோரியது; 2024 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டு சர்வகலாசாலை திருப்பித் தர இசைந்தது.

இதற்குள் ஊர்க் கோயிலில் என்ன நடந்தது? அங்கே ஆழ்வாராக நின்று பூஜை பெற்றுக்கொண்டிருந்தது பிற்காலத்தில் வார்த்த ஒரு போலிச் சிலை என்று போலீசார் கண்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அபிஷேகமும், நைவேத்தியமும், திருவிழாவும் நடந்திருக்கின்றன. அர்ச்சகருக்கும் தெரியவில்லை, பக்தருக்கும் தெரியவில்லை, அபிஷேகம் பெற்ற பெருமாளாவது ஒருவர் கனவில் வந்து சொன்னாரா? அதுவும் இல்லை. சொன்னது ஒரு போட்டோப் படம்! இதில் இன்னுமொரு வேடிக்கை. திருமங்கையாழ்வார் வழிப்பறி செய்து அடியார்களுக்கு அன்னமிட்டார் என்றும், நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கவர்ந்து உருக்கித் திருவரங்கத்துத் திருப்பணி செய்தார் என்றும் வைணவக் கதைகளே பெருமையாகச் சொல்லுகின்றன. வழிப்பறி செய்தவரையே வழிப்பறி செய்துவிட்டார்கள்! குத்தம்பாக்கத்துக்குப் பக்கத்திலிருக்கும் திருமழிசைக்காரர்கள் தங்கள் ஊர் ஆழ்வாரின் சிலையையாவது படம் பிடித்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வது நலம்.

இன்னொன்றும் கேட்கின்றோம். இந்தச் சிலைகள் கோயிலில் இருந்த காலத்தில், சேரியில் பிறந்தவன் கிட்டே வந்தால் தீட்டு என்றார்கள். கர்ப்பக்கிரகத்துக்குள் போக இன்ன பிறவிதான் வேண்டுமென்றார்கள். திருடன் தூக்கினான், தரகன் கோணிக்குள் திணித்தான், கப்பல்காரன் மூட்டையோடு உருட்டினான், ஏலக்காரன் நம்பர் ஒட்டினான். இவர்களில் ஒருவன் தொட்டும் சாமிக்குத் தீட்டு வரவில்லை; விலைதான் ஏறியது. கோயிலுக்குச் சுவர் கட்டிய கூலிக்காரனின் கை மட்டும் எப்படித் தீட்டாயிற்று? இதற்குப் பதில் சொல்லாமல், "ஐயோ, சாமி போச்சே" என்று அழுகிறவர்களின் அழுகையில் பாதிதான் உண்மை.

"ரசீது இருக்கிறதே, பெரிய இடமாயிற்றே" என்பவருக்கும் பதில் சொல்லுகின்றோம். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தைவிடக் குத்தம்பாக்கத்துப் பங்காளி பெரிய இடமா? அக்கலைக்கூடம் 2008-இல் நியூயார்க்கு வியாபாரி சுபாஷ் கபூரிடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொட்டி ஒரு நடராஜர் சிலையை வாங்கியது. அதற்கும் காகிதங்கள் இருந்தன. அவை பொய்க் காகிதங்கள். சிலை அரியலூர் ஜில்லா ஸ்ரீபுரந்தான் கோயிலுடையது. 2014-இல் அதைத் திருப்பித் தந்தார்கள். கபூருக்கு 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டு தண்டனை விதித்தது. ஆகவே காகிதம் இருப்பது வேறு, காகிதம் உண்மையாக இருப்பது வேறு.

இந்த லாபத்தில் நம்மவனுக்குக் கிடைத்தது என்ன? தஞ்சை ஜில்லா பத்தூரில் 1976-இல் ஒரு கூலித் தொழிலாளியின் மண்வெட்டியில் ஒரு நடராஜர் தட்டுப்பட்டார். தொழிலாளிக்குக் கிடைத்தது சொற்பக் காசு. கை மாறிக் கை மாறி 1982-இல் லண்டனில் ஒரு கனடாக் கம்பெனி அதை இரண்டரை லட்சம் பவுனுக்கு வாங்கியது. பிறகு லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி, 1991-இல் சிலை திரும்பி வந்தது. மண்ணிலிருந்து எடுத்தவனுக்குக் காசு. மேஜை மேல் வைத்து விற்றவனுக்குக் கோடி. தரகுத் தொழிலின் தத்துவமே இதுதான்.

"அவர்கள் வாங்காவிட்டால் இவை உருகிப் பாத்திரமாகியிருக்கும்; அங்கே பத்திரமாக இருக்கின்றன" என்று சிலர் சொல்லுகிறார்கள். இதில் ஒரு பங்கு உண்மை இருப்பதை நாம் மறைக்கவில்லை. நம் ஊரில் கணக்கும் இல்லை, காவலும் இல்லை, அக்கறையும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டான் பெட்டியைப் பூட்டாமல் தூங்குகிறான் என்பதற்காக அதை நாம் எடுத்து வந்து பத்திரமாக வைத்துக்கொள்ளலாமா? தவிரவும், வாங்க ஆள் இருப்பதால்தான் திருட ஆள் இருக்கிறான்.

சென்ற 2025-ஆம் வருஷத்துச் சங்கதி ஒன்று. 1898-இல் வடநாட்டில் பிப்ரவா என்னுமிடத்தில், புத்தருடையவை எனப்படும் எலும்புகளோடு கிடைத்த மணிகளில் ஒரு பகுதி, தோண்டிய வெள்ளைக்கார ஜமீன்தாரின் குடும்பத்தில் தங்கிவிட்டது. அவற்றை மே 7-இல் ஹாங்காங்கில் ஏலம் போட சாதபீஸ் நாள் குறித்தது. இந்திய சர்க்கார் ஆட்சேபித்ததன் மேல் ஏலம் நின்றது. ஜூலையில் மணிகள் இந்தியாவுக்கு வந்தன. எப்படி? ஓர் இந்திய முதலாளி குடும்பத்தார் விலை கொடுத்து வாங்கினதால் வந்தன! வந்தது நல்லதே. ஆனால் இந்த மண்ணில் கிடைத்த பொருளுக்கு இந்த மண்ணே விலை கொடுப்பதென்றால், இனி ஒவ்வொருவனும் "விற்கப் போகிறேன்" என்று மிரட்டினாலே போதுமல்லவா?

ஓவியம் வேறு விஷயம். ஓவியன் வரைந்து விற்றதை வாங்குவது திருட்டல்ல. ஆயினும் அங்கேயும் கொழுப்பவன் யார் என்று பாருங்கள். எம்.எப். உசேன் 1954-இல் வரைந்த 'கிராம யாத்திரை' என்னும் படம், நார்வே தேசத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பல காலம் தொங்கிக்கொண்டிருந்தது. 2025 மார்ச்சில் நியூயார்க்கு கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 1 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல், அதாவது நம் பணம் 118 கோடி ரூபாய்க்குப் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் பணம் போனதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் வரைந்தவர் 2011-இலேயே இறந்துபோனார். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 53-ஏ பிரிவு, பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூலப்படத்தின் விலையில் ஓவியனுக்கு ஒரு பங்கு உண்டு என்கிறது. இதை எத்தனை ஓவியர்கள் அறிவார்கள்? எத்தனை வியாபாரிகள் கொடுக்கிறார்கள்? படத்தின் மேல் ஆசையுள்ள பங்காளி, உயிரோடிருக்கும் ஓவியனின் வீட்டுக்குப் போய், கண்ணுக்குப் பிடித்ததை அவன் கையில் பணம் கொடுத்து வாங்கட்டுமே! "இத்தனை கோடிக்குப் போன பெயர்" என்பதற்காக வாங்குகிறவன் படத்தை வாங்கவில்லை, விலையைத்தான் வாங்குகிறான்.

உண்மையில் பழமையின் மேல்தான் ஆசையென்றால் அதற்கு லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. நம் திருவள்ளூர் ஜில்லாவிலேயே அதிரம்பாக்கம் இருக்கிறது. 1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் அங்கே கற்கருவிகளைக் கண்டார். அவற்றில் மிகப் பழையவை 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் ஆராய்ந்து சொன்னார்கள். பூண்டி மியூசியத்தில் இத்தகைய கருவிகளைப் பார்க்கலாம். கிரீடமில்லை, சங்கு சக்கரமில்லை. ஆகவே இவற்றுக்கு ஏலத்தில் கோடி கேட்பாரில்லை. மனிதன் தன் கையால், தன் புத்தியால் செய்த ஆயுதம்! இதைவிடப் பெருமையான பழம்பொருள் எது?

ஆகவே குத்தம்பாக்கத்துத் தோழருக்கு நாம் சொல்லுவதாவது: உங்கள் பங்காளியிடம் நான்கு கேள்விகளை எழுதிக் கொடுங்கள். விற்கிறவன் யார்? அவனுக்கு விற்றவன் யார்? இந்தப் பொருள் தன் ஊரை விட்டு எந்த வருஷம், எந்த அனுமதியோடு புறப்பட்டது? 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி சிலை பதிவாகியிருக்கிறதா, விற்பவனுக்கு லைசென்சு உண்டா? ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் கை தூக்காமல் எழுந்து வரட்டும்.

தூண்களைத் தரகருக்குக் கொடுக்காதீர்கள். புது வீட்டிலேயே நிறுத்துங்கள். இல்லையேல் ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள். நூறாண்டு கடந்த வேலைப்பாட்டுப் பொருளாயின், அதைக் கடல் கடத்துவது அச்சட்டப்படி குற்றம் என்பதைத் தரகருக்கும் சொல்லுங்கள். கிராம சபை கூடும்போது ஒரு தீர்மானம் போடுங்கள். கோயிலோ, மசூதியோ, மாதா கோயிலோ, ஏரிக்கரைக் கல்லோ, வீட்டு விளக்கோ, ஊரிலுள்ள பழம்பொருள் ஒவ்வொன்றையும் நாற்புறமும் படம் பிடித்து, அளவெடுத்து, நோட்டில் எழுதி வையுங்கள். இரட்டை வீடு கட்டி, ஆதிதிராவிடரையும் மற்றவரையும் ஒரே சுவரின் இரு பக்கத்தில் குடியமர்த்தி நாட்டுக்கு வழி காட்டிய ஊர் உங்கள் ஊர். ஒரு நோட்டுப் புஸ்தகம் போடுவது அதைவிடக் கஷ்டமா?

சுந்தரப்பெருமாள்கோயில் சிலைக்கு வழி பிறந்தது மந்திரத்தாலன்று, 1957-இல் எடுத்த ஒரு படத்தால். உங்கள் ஊர்ப் பொருளுக்கு அந்தப் படம் இருக்கிறதா என்பதே நாம் கேட்கும் கேள்வி. இல்லையென்றால், சுத்தியல் தட்டுகிறவனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?