குண்டு எண்ணிக்கையா வீரம்?



டிசம்பர் 7 கொடி நாள். 1949-லிருந்து நம் நாட்டில் கொண்டாடுகிறோம். சட்டையில் சின்னக் கொடி குத்திக்கிட்டு உண்டியலில் காசு போடுவோம். முன்னாள் படைவீரர்களுக்கும், போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் அந்தக் காசு உதவுது. ஆனால் "யாருக்காகக் கொடுத்தே? ஒரு வீரர் பேர் சொல்லு" என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் முழிப்போம். வேலூர் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. அத்தனை பேர் பட்டாளத்துக்குப் போனதால் அதை இராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். இப்படி ஓர் ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நமக்கு ஒரு பேர்கூடத் தெரியாமல் இருக்கலாமா?

அதனால் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் விங் கமாண்டர் பத்மநாப கௌதம். 1953-இல் இந்திய விமானப்படையில் அதிகாரியானார். அவர் ஓட்டியது கான்பரா என்ற குண்டுவீச்சு விமானம். இங்கிலாந்தில் உருவான விமானம் அது. இரண்டு ஜெட் இன்ஜின் உண்டு. 1957-இல் நம் படைக்கு வந்து, 2007 வரை ஐம்பது வருஷம் பறந்தது.

1965 போரின்போது கௌதம், ஆக்ராவில் கான்பரா ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பிரிவுக்குத் தலைவர். அதாவது வாத்தியார்! "நான் சொல்லிக் கொடுத்துட்டேன், நீங்க போங்க" என்று அவர் உட்காரவில்லை. தானே முன்னால் போனார். அதற்காக மகாவீர் சக்கரம் கிடைத்தது. பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்த பெரிய போர் விருது அதுதான். 1971 போரில் 16-ஆம் ஸ்குவாட்ரனுக்குத் தலைவர். பாகிஸ்தானின் மியான்வாலி விமானத்தளம் மீதும், ரயில் யார்டுகள் மீதும் நடந்த தாக்குதல்களில் முன்னால் போனார். கீழேயிருந்து பீரங்கிகள் சுட்டுக்கொண்டே இருந்தன. மறுபடியும் மகாவீர் சக்கரம். அதை இரண்டு முறை வாங்கியவர்கள் நாட்டிலேயே ஆறு பேர்தான். இரண்டு போரிலும் தப்பியவர், 1972-இல் புனே அருகே மிக்-21 விமான விபத்தில் இறந்துபோனார்.

இனி என் கருத்து.

நம்ம பசங்க இப்படி ஒருத்தரைப் பற்றிக் கேட்டதும் "எத்தனை குண்டு போட்டாரு?" என்றுதான் கேட்கிறாங்க. எனக்கு அந்தக் கேள்வியே தப்பு என்று தோன்றுகிறது. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு.

முதல் கேள்வி: அவர் தானே போனாரா, மற்றவர்களை மட்டும் அனுப்பினாரா? நம் படையின் குண்டுவீச்சுக் கான்பராவில் இரண்டு பேர் போவார்கள். ஓட்டுபவர் ஒருவர், வழி பார்க்கும் நேவிகேட்டர் ஒருவர். குண்டைக் குறி பார்க்க நேவிகேட்டர் விமானத்தின் மூக்குப் பக்கம் போய்க் குப்புறப் படுக்க வேண்டும். ஆபத்து வந்தால் ஓட்டுபவரை வெளியே தூக்கி எறிகிற இருக்கை உண்டு. நேவிகேட்டருக்கு அது கிடையாது! பக்கவாட்டுக் கதவுக்கு ஓடிப்போய்த்தான் குதிக்க வேண்டும். விருதுப் பட்டியலில் தலைவர் பேர் தெரியும். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தவர் பேரை யார் கேட்கிறோம்?

இது நம்ம ஊருக்கும் பொருந்தும். தோல் ஷாப்பில் கழிவுத் தொட்டி சுத்தம் பண்ண இறங்கி, விஷவாயு தாக்கிச் செத்தவர்களைப் பற்றி நாம பேப்பரில் படிச்சிருக்கோம். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துப் பேர் இறந்தார்கள். இறங்குன்னு சொல்கிறவர் மேலேயே நிற்கிறார். இறங்குகிறவருக்குக் கயிறும் இல்லை, முகமூடியும் இல்லை. கௌதமைப் போலத் தானும் போகிறவர்தான் தலைவர். போக முடியாவிட்டால், போகிறவன் உயிரோடு திரும்ப வழியாவது செய்து கொடுக்கணும்.

இரண்டாவது கேள்வி: கீழே யார் இருந்தார்கள்? 1961 டிசம்பர் 18-இல் கோவாவின் டபோலிம் விமானத்தளத்துக்கு விங் கமாண்டர் என்.பி.மேனன் தலைமையில் 12 கான்பராக்கள் போயின. ஓடுபாதையை உடைத்தார்கள்; மேலிடத்து உத்தரவுப்படி கட்டடங்களை விட்டுவிட்டார்கள். 1945 பிப்ரவரியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் ஊரையே எரித்தன. சுமார் 25,000 பேர் செத்தார்கள். குண்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் டிரெஸ்டனுக்குத்தான் முதல் பரிசு கொடுக்கணும். கொடுப்போமா?

"எதிரி நாட்டுக்காரனுக்கு ஏன் பாவம் பாக்குறே?" என்று வகுப்பில் கேட்டாங்க. பதில் சொல்றேன். 1965-இல் பாகிஸ்தானிடம் இருந்தது பி-57. அது வேறொன்றுமில்லை, அமெரிக்காவில் செய்த கான்பராதான். அவங்களும் நாமும் ஒரே விமானத்தில் பறந்தோம். இரண்டு பக்கமும் கீழே இருந்தவங்க இருட்டில் விளக்கை அணைச்சிட்டுப் பிள்ளைகளைக் கட்டிப்பிடிச்சிக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க. ரயில் யார்டு என்றால் அங்கே மூட்டை தூக்குறவரும் கொடி காட்டுறவரும் இருப்பாங்கதானே? இதுக்கு எனக்கே முழுப் பதில் கிடைக்கலை. பதில் இல்லை என்பதற்காகக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. கேள்வி கேட்பதால் வீரருக்கு மரியாதை குறையாது. அவர் எவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்கினார் என்று அப்போதுதான் நமக்குப் புரியும்.

2016-இல் மூன்று பெண்கள் போர் விமானிகளாக நம் விமானப்படையில் சேர்ந்தார்கள். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற அம்மாக்களின் பிள்ளைகள் நாம. நாளைக்கு நம்ம பள்ளிக்கூடத்திலிருந்தும் ஒருத்தி அந்த இருக்கையில் உட்காரலாம். கை தட்ட மட்டும் கற்றுக்கொண்ட பிள்ளையாக அவள் போகக் கூடாது. கீழே யார் என்று கேட்கவும் தெரிந்துகொண்டு போகணும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் கொடி நாளில், உண்டியல் வருவதற்கு முன், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இரண்டே நிமிடம் கொடுங்கள். ஒரு வீரரின் பேரைச் சொல்வோம், அவர் செய்ததைச் சொல்வோம். பிறகு, பேர் தெரியாமல் போன எல்லோருக்காகவும் கொஞ்ச நேரம் அமைதியாக நிற்போம். எங்கள் ஒன்பதாம் வகுப்பு தொடங்கி வைக்கத் தயார்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி