பழைய கறவை இயந்திரமும் மாலைப் பாலும்

சில வாரங்களுக்கு முன் ஹற்றனுக்குப் போகும் வழியில் கினிகத்தேனையில் இறங்க நேர்ந்தது. இலங்கையின் மிகுந்த மழைவீழ்ச்சிப் பிரதேசங்களில் அதுவும் ஒன்று என்பதை வாசகர்கள் அறிவர். மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு பழைய இரும்புக் கடையின் தாழ்வாரம். உடைந்த சைக்கிள்களுக்கும் தகரங்களுக்கும் நடுவே, துருவேறாத ஒரு வாளியும் நான்கு காம்புக் கிண்ணங்களும் இறப்பர்க் குழாய்களும் கிடந்தன. மூடிய பாற்பண்ணை ஒன்றிலிருந்து வந்த கறவை இயந்திரம் என்றார் கடைக்காரர். கிலோக் கணக்கில் வாங்கியிருக்கிறார். யாராவது கேட்டால் முழு இயந்திரமாகவே விற்பாராம்.

அங்கே என்னைப்போல ஒதுங்கி நின்றவர்களில் ஒருவர் அருகிலுள்ள தோட்டத்து லயத்தில் மூன்று மாடுகள் வைத்திருப்பவர். விரல் மூட்டுகளில் வாதம் கண்டதால் கையால் கறக்க முடியாமல், இடைத்தரகர் ஒருவரிடம் இப்படியான இயந்திரம் ஒன்றை முன்னரே வாங்கியவர். பேச்சுக் கொடுத்தேன்.

“மிசின் நல்லாத்தான் ஓடுச்சுங்க ஐயா. மாட்டுக்குத்தான் ஒத்துக்கல” என்றார்.

இரண்டு மாதத்தில் அவருடைய நல்ல மாட்டுக்கு மடிநோய் வந்து, நான்கு காம்புகளில் ஒன்று வற்றிப்போயிற்று. மூன்று மாட்டுக்காரருக்கு அது சிறிய இழப்பன்று.

ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதில் மர்மம் எதுவுமில்லை. கறவை இயந்திரம் என்பது அடிப்படையில் ஓர் உறிஞ்சு பம்பு. அது இடைவிடாது உறிஞ்சினால் காம்பில் இரத்தம் கட்டிவிடும். ஆதலால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 தடவை உறிஞ்சுவதும் விடுவதுமாக, கன்று குடிப்பதைப் போன்ற ஒரு தாளம் வேண்டும். உறிஞ்சும் வெற்றிட அழுத்தமும் 40 முதல் 50 கிலோபாஸ்கல் என்ற எல்லைக்குள் நிற்க வேண்டும். அவர் வாங்கியதில் அழுத்தமானி உடைந்திருந்தது. காம்பைத் தொடும் இறப்பர் உறையோ ஏறத்தாழ 2,500 கறவைகளுக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டியது. பெரிய பண்ணையில் ஒரு கருவி நாளுக்கு 50 மாடு கறந்தால் 50 நாளில் அந்த உறையின் ஆயுள் முடிந்துவிடும். அதற்குப் பின் இறப்பரில் விழும் நுண்ணிய வெடிப்புகளில் கிருமி குடியேறுகிறது. எவ்வளவு கழுவினாலும் போகாது. ஆக, அந்த மனிதர் காசு கொடுத்து வாங்கியது ஒரு பண்ணை கழித்துவிட்ட நோயையும் சேர்த்துத்தான்.

இவ்வியந்திரங்கள் ஏன் கடைக்கு வருகின்றன? நாட்டைப் பாலில் தன்னிறைவாக்கப் போகிறோம் என்று 20,000 பசுக்களை இறக்குமதி செய்யத் திட்டமிட்டு, 2017இல் அவற்றுள் 5,000 பசுக்கள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்டன. பல இறந்தன; பல நோயுற்றன; வாங்கியவர்கள் கடனாளியானார்கள். 2021இல் இரசாயன உரத்தடை வந்தது, சோளம் விளையவில்லை, தீவனம் விலையேறியது. 2022இல் டொலர் இல்லை. மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. இத்தனையையும் தாங்க முடியாதவர்கள் மாட்டை விற்றார்கள். மாடு போனபின் இயந்திரம் எதற்கு?

பழைய பொருளை வாங்குவது இழுக்கு என்று நான் சொல்லவில்லை. வெள்ளையர் காலத்து உருளைகளை வைத்துக்கொண்டே தேயிலை அரைத்த மலையகம் இது. துருப்பிடியா உருக்கு வாளி ஒரு தலைமுறை உழைக்கும். ஆனால் எதை மறுபடி விற்கலாம், எதை வெட்டி எறிய வேண்டும் என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. பெரிய பண்ணைகளின் பம்புகள் பெரும்பாலும் திரீ பேஸ் மின்சாரத்தில் ஓடுபவை. லயத்து வீட்டில் அவற்றை இயக்கவே முடியாது. பாற்கேன்கள் சில மரக்கறித் தோட்டங்களில் கிருமிநாசினி கலக்கப் போய்விடுகின்றன. அப்படிப் போன கேன் ஒருபோதும் பாலுக்குத் திரும்பக் கூடாது. அதை யார் கண்காணிப்பது?

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவருக்கு, கை நன்றாயிருக்கும்வரை, இயந்திரமே தேவையில்லை. அவருடைய பெருங்கவலை மாலைப் பால். பல இடங்களில் பால் சேகரிப்பவர்கள் காலையில் மட்டுமே வருகிறார்கள். மாலையில் கறந்தது கன்றுக்கும் வீட்டுக்கும் தேநீர்க்கடைக்கும் போக, மிச்சம் விடியும்வரை நிற்காது. மலைக்குளிர் மட்டும் போதாது. கறந்த இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் பாலை 4 பாகை செல்சியசுக்கு இறக்க வேண்டும். அதைச் செய்யும் குளிரூட்டித் தாங்கி, மூடிய பண்ணைகளில் கறவை இயந்திரத்துக்கு அருகிலேயே நிற்கிறது. குஜராத்தின் ஆனந்தில் 1946இல் பிறந்த கூட்டுறவு வெற்றிபெற்றதற்கு ஒரு காரணம், காலையும் மாலையும் கிராமத்திலேயே பாலை அளந்து வாங்கியதுதான். தமிழ்நாட்டின் கூட்டுறவுச் சங்கங்களும் அவ்வழியே சென்றன. ஒரு மாட்டுக்காரரின் இரண்டாவது வேளைப் பாலுக்கும் விலை உண்டு என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆகவே என் யோசனை மூன்று. கழிக்கப்பட்ட கறவை இயந்திரத்தின் இறப்பர்ப் பாகங்கள் விற்பனைக்கு முன்பே வெட்டி அழிக்கப்பட வேண்டும். பம்பையும் தாளக் கருவியையும் அரச மிருக வைத்திய அலுவலகத்தில் சோதித்து, ஒரு துண்டுச் சீட்டாவது ஒட்டியே விற்க வேண்டும். குளிரூட்டித் தாங்கிகளையும் பாற்கேன்களையும் இரும்புக் கடைக்கு அனுப்புமுன், அதே இரும்பு விலைக்கு, அவ்வூர்ப் பால் உற்பத்தியாளர் சங்கத்துக்குக் கொடுக்க முன்வர வேண்டும். தாங்கியை இயக்க மின்சாரமும் பராமரிக்க ஆளும் வேண்டுமே என்பார்கள். உண்மைதான். லயத்துக் குடும்பம் ஒன்றால் முடியாது. முப்பது குடும்பம் சேர்ந்தால் முடியும். சங்கம் என்பது அதற்குத்தானே?

இவற்றுள் எதற்கும் வெளிநாட்டுக் கடன் வேண்டாம். கப்பலேறி வரும் பசுவும் வேண்டாம்.

மழை விட்டதும் அந்த மனிதர் குடையை மடக்கிக்கொண்டு புறப்பட்டார். வாங்கிய இயந்திரத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வாளியில் மழைத்தண்ணீர் பிடிக்கிறாராம். மற்றவை கட்டிலுக்கு அடியில். “கையாலதான் கறக்கிறேங்க, நோவோட” என்று சொல்லிவிட்டு நடந்தார். மாலைக் கறவைக்கு நேரமாகியிருந்தது.