கூட்டத்தை விரும்புவோரே, தனியே புறப்படுங்கள்!



பள்ளி விடுமுறை நெருங்கினால் ஆசிரியர் அறையில் ஒரே பேச்சுத்தான். எந்தக் குழுவோடு எந்த நாட்டுக்குப் போகலாம்? பேருந்து நிறைய ஆள் சேர்ந்துவிட்டதா? அந்நேரத்தில் ஒருவர், "நான் தனியாகப் போகிறேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும். "ஏன், துணைக்கு ஆள் கிடைக்கவில்லையா?" என்று இரக்கப்படுவார்கள். சொன்னவர் கலகலப்பானவர் என்றால் கேலியும் சேர்ந்துகொள்ளும். "உங்களால் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா, டீச்சர்?"

தனிப்பயணம் என்பது ஒதுங்கி வாழ்வோருக்கு உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அது தவறான எண்ணம். மனிதரோடு பழகுவதில் இன்பம் காண்பவர் எவரோ, அவருக்கே தனிப்பயணம் மிகவும் பொருந்தும் என்பேன்.

எவ்வாறு? குழுவாகச் செல்லும்போது நாம் யாரோடு பேசுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுவதும் எவரோடு பேசினோமோ அவரோடுதான்! பேசுவதும் பள்ளிக் கதையே: யாருக்கு இடமாற்றம், யாருக்குப் பதவி உயர்வு. ஆயிரம் கல் கடந்து சென்றும் ஆசிரியர் அறையைவிட்டு நாம் வெளியேறவில்லை. உள்ளூர்க்காரர்களும் நம்மை நெருங்குவதில்லை. சிரித்துப் பேசிக்கொண்டு போகும் நாற்பது பேரைப் பார்த்தால் எவருக்கும் விலகி நிற்கத்தான் தோன்றும். தனியே வந்து வழி கேட்பவரிடமோ, "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்னும் கேள்வி தானாகவே பிறக்கும்.

நம் நாட்டிலேயே ஒரு சான்று காட்டுகிறேன். கிம்மாஸ் நகரிலிருந்து தும்பாட் வரை செல்லும் கிழக்குக் கரை இரயில் பாதை 1931இல் முழுமை பெற்றது. 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளம். 'காட்டு இரயில்' என்று பலரும் அறிந்த பாதை அது. குவா மூசாங்கிற்கு வடக்கே உள்ளூர் வண்டி சிறு சிறு நிலையங்களிலும் நின்று நின்று செல்லும். அவசரமாகச் செல்வோர்க்கு அது தொல்லை. பேச விரும்புவோர்க்கு அதைவிடச் சிறந்த வண்டி வேறில்லை. மலாய் மொழியில் நல்ல தேர்ச்சி பெற்ற நமக்கே கிளந்தான் மலாய் பாதிதான் விளங்கும். விளங்காத சொல்லைக் கேட்டாலே போதும், உரையாடல் தொடங்கிவிடும்.

அப்பாதையின் தண்டவாளங்களில் ஒரு பகுதியைப் போர்க்காலத்தில் சப்பானியர் பெயர்த்தெடுத்துச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். நம் தோட்டத்து மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட அதே பாதைதான். 2014 திசம்பர்ப் பெருவெள்ளம் கெமுபு இரயில் பாலத்தை அடித்துச் சென்றது. இவற்றையெல்லாம் நூலிலும் படிக்கலாம். ஆனால், அக்கரையில் வாழ்ந்தவர் வாயால் கேட்பது வேறு. சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டியின் ஒலிவாங்கி அதனைத் தராது.

வாகாஃப் பாருவில் இறங்கிக் கோத்தா பாருவுக்குச் செல்லுங்கள். சித்தி கதீஜா சந்தையில் பெரும்பாலும் பெண்களே வணிகர்கள். ஒரு பலகாரத்தின் பெயரைக் கேளுங்கள். செய்முறையும் சேர்ந்தே வரும். குழுவாகச் சென்றிருந்தால், "பத்து நிமிடத்தில் பேருந்துக்கு வந்துவிடுங்கள்" என்னும் குரல்தான் காதில் விழுந்திருக்கும்.

இது நமக்குப் புதிதா? வழியில் எதிர்ப்பட்டவருக்கு ஊரும் வழியும் எடுத்துரைப்பதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி நம்முடையது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். 'பாணர் சுற்றத்தோடுதானே நடந்தனர்?' என்று தமிழாசிரியர் எவரேனும் மடக்கலாம். உண்மைதான். ஆனால், அவர்கள் எதிர்ப்பட்டவரிடம் வாய் திறந்தார்கள். நாமோ சன்னலை மூடிக்கொண்டு குளிர்சாதனக் காற்றில் போகிறோம்.

நிற்க. மறுப்புகளையும் பார்த்துவிடுவோம்.

முதலாவது, பாதுகாப்பு. குறிப்பாகப் பெண்களுக்கு இது வெற்று அச்சம் அன்று. ஆகவே, பயண நிரலை வீட்டாரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருமாறு வண்டியைத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு இனியவராயினும், புதியவரிடம் அறை எண்ணையும் தனியே தங்கியிருப்பதையும் சொல்லாதீர்கள். முதல் பயணம் உள்நாட்டில், இரண்டே இரவாக இருக்கட்டும்.

இரண்டாவது, தனிமை. கலகலப்பானவரை முதல் நாள் மாலை வாட்டத்தான் செய்யும். இரவு உணவு வேளை இன்னும் கடினம். அதற்கும் வழியுண்டு. பொதுக்கூடமும் பொதுச் சமையலறையும் உள்ள சிறு விடுதியில் தங்குங்கள். அறைக்குள் பொட்டலச் சோறு உண்ணாமல் கோப்பிக்கடைக்குச் செல்லுங்கள். "இங்கே உட்காரலாமா?" என்று கேட்டு அறிமுகமில்லாதவர் மேசையில் அமர்வது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இயல்பான வழக்கந்தானே! ஒன்று மட்டும் வேண்டுகிறேன்: கைப்பேசியைப் பையில் வையுங்கள். புலனக் குழுவில் மணிக்கொரு படம் அனுப்புகிறவர் உடலால்தான் தனியே வந்திருக்கிறார்.

மூன்றாவது, "ஊரார் என்ன சொல்வார்கள்?" இதற்கு நான் மறுமொழி கூறப்போவதில்லை. ஆனால், இதன் விளைவைக் கூறுகிறேன். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரை அறிவேன். அவர் இருக்குமிடத்தில் சிரிப்பு இருக்கும். கணவர் மறைந்தபின் அவர் எந்த ஊருக்கும் சென்றதில்லை. கால்வலி இல்லை, பணத்துக்கும் குறைவில்லை. மகளுக்கு விடுப்புக் கிடைக்கட்டும், தோழிக்குப் பேரன் பிறக்கட்டும் என்று காத்திருந்தே ஆண்டுகள் கழிந்தன. துணை இருந்தால்தான் பயணம் என்று அவருக்குக் கற்பித்தவர்கள் யார்? நாம்தான்!

அதையே இன்று பிள்ளைகளுக்கும் கற்பிக்கிறோம். வகுப்பில் குறும்பு செய்தவனைத் தனியே உட்கார வைக்கிறோம். தனிமை என்றால் தண்டனை என்று அவன் புரிந்துகொள்கிறான். ஆறாம் ஆண்டு முடித்தும் கடையில் தானே பேசி ஒரு பொருள் வாங்கத் தயங்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! அம்மாவோ அப்பாவோ உடன் நின்று அவர்களுக்காகப் பேசிவிடுகிறார்கள். புதியவரிடம் மரியாதையோடு கேட்கவும், எச்சரிக்கையோடு பழகவும் அவர்கள் எப்போது கற்பார்கள்? தம் ஆசிரியரோ தாயோ தனியே சென்று, புதிய மனிதர்களின் கதைகளோடு திரும்புவதைக் கண்டால் ஒருவேளை கற்கலாம்.

குழுப்பயணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நண்பர்களோடு செல்வதும் இன்பமே. ஆனால், துணை கிடைக்காத ஒரே காரணத்தால் பயணத்தைக் கைவிடாதீர்கள். அடுத்த விடுமுறையில் ஒரே ஒரு பயணச்சீட்டு வாங்குங்கள். சன்னலோர இருக்கையை வேறு யாருக்காவது விட்டுக்கொடுத்துவிட்டு, "எதுவரை போகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.