கலைவாணருக்கு ஒரு சுவர்

அரசாண்டவர்க்குக் கல்வெட்டு உண்டு. போரில் மாண்டவர்க்கு நடுகல் உண்டு. மக்களைச் சிரிக்க வைத்தவர்க்கு எஞ்சுவது பெரும்பாலும் அச்சிரிப்பின் நினைவு மட்டுமே. சிரித்தவர்கள் மறையும்போது அந்நினைவும் மறைந்துவிடுகிறது. இக்குறையைப் போக்கச் சில ஊர்கள் தம் நகைச்சுவைக் கலைஞர்களைச் சுவரில் தீட்டிப் போற்றுகின்றன. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பிறந்த பில்லி கனோலி, கப்பல் கட்டும் தளத்தில் தொழிலாளியாக இருந்து நகைச்சுவைக் கலைஞராக உயர்ந்தவர். அவருடைய 75ஆம் பிறந்தநாளை முன்னிட்டு, 2017ஆம் ஆண்டில் அந்நகரக் கட்டடச் சுவர்களில் மூன்று பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன.

காரக்கோணம், பாறசாலை முதலிய எல்லைச் சிற்றூர்களிலும் அத்தகைய ஒரு சுவர் அமைவது நன்று. அதற்கு முற்றிலும் உரியவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அவர் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் நாகர்கோவில் ஒழுகினசேரியில் எளிய குடும்பத்தில் பிறந்தார். இளமையில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். பின்னர் அந்த மேடையிலேயே நடிகரானார். திரையுலகில் துணைவியார் டி.ஏ. மதுரத்துடன் இணைந்து நடித்துப் பெரும்புகழ் பெற்றார். 1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் மறைந்தார்.

‘அவர் தமிழ்நாட்டுக் கலைஞர் அல்லரோ? கேரளத்துச் சுவரில் அவருக்கு என்ன உரிமை?’ என்று சிலர் வினவக்கூடும். கலைவாணர் பிறந்தபோது நாகர்கோவிலும் பாறசாலையும் திருவிதாங்கூர் என்னும் ஒரே நாட்டில் இருந்தன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்தான் தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டுடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நிலம் பிரிந்தது, கலை பிரியவில்லை. கலைவாணர் காந்தியடிகளின் வரலாற்றை வில்லுப்பாட்டாக நிகழ்த்தினார். அந்த வில்லும் குடமும் உடுக்கையும் எல்லையின் இருபுறத்துக் கோயில் விழாக்களுக்கும் உரியவை.

கலைக்கு எல்லை தடையன்று என்பதற்குத் தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையே சான்று. அது தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. அதனைக் காப்பதோ கேரளத் தொல்லியல் துறை. அதன் மேல்மாடத்துச் சுவரோவியங்களும் அவ்வாறே காக்கப்படுகின்றன. தமிழ் மண்ணில் உள்ள ஓவியத்தைக் கேரளம் பேணலாம் எனில், தமிழ்க் கலைஞரின் உருவம் கேரளத்துச் சுவரில் இடம்பெறுவதும் பொருத்தமே.

‘அவருக்குச் சிலைகள் உள்ளனவே’ என்பது மற்றொரு மறுப்பு. சென்னைத் தியாகராய நகரில் உள்ள சிலையை 1969ஆம் ஆண்டு சனவரியில் பேரறிஞர் அண்ணா திறந்து வைத்தார் என்பது உண்மையே. ஆயினும் சிலை காட்டுவது ஒருவரின் தோற்றத்தை. சுவரோவியமோ அவர் சொன்ன கதையையும் காட்ட வல்லது. ஆகவே, கலைவாணரின் முகத்தை மட்டும் பெரிதாகத் தீட்டி நிறுத்திக்கொள்வது போதாது. 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்தில் அவர் நிகழ்த்திய ‘கிந்தனார்’ காலட்சேபம் அச்சுவரில் இடம்பெற வேண்டும். தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த கிந்தன் ஊரில் கல்வி மறுக்கப்பட்டு, தொடர்வண்டி ஏறி நகரம் சென்று கற்று, கல்வி அதிகாரியாகத் திரும்பி வருவதே அக்கதை. கேட்டவர் சிரித்தனர், சிரித்தபின் சிந்தித்தனர். எளியோரை இகழ்ந்து பிறக்கும் சிரிப்பு மலிந்துள்ள காலத்தில், எளியோரை உயர்த்திய சிரிப்பை இளையோர் கண்முன் நிறுத்துவது அவசியம். பள்ளிக்குச் செல்லும் சிறுவன் ஒருவன் அச்சுவரின்முன் நின்று, ‘இந்தக் கிந்தன் யார்?’ என்று கேட்பானாயின், அதுவே அவ்வோவியத்தின் வெற்றி.

தீட்டுவது எளிது, காப்பது அரிது. இப்பகுதி தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகிறது. ஈரச் சுவரில் பூசிய வண்ணம் விரைவில் உரியும், பாசியும் படரும். எனவே மழை ஓய்ந்தபின் சுவரைச் சுரண்டித் தூய்மை செய்து, நன்கு உலரவிட்டு, அடிப்பூச்சு பூசிய பின்னரே ஓவியத்தைத் தொடங்க வேண்டும். மழையைவிடக் கொடியது சுவரொட்டி. தேர்தல் வந்தால் எந்த ஓவியமும் ஒரே இரவில் மறைந்துவிடும். வெளியூர் ஓவியர் வந்து தீட்டிவிட்டுச் செல்லும் சுவரை ஊர் காவாது. கட்டம் வரைவதிலும் வண்ணம் நிரப்புவதிலும் ஊர்ச் சிறாரின் கைகள் சேர்ந்தால், அச்சுவரில் பசை தடவ வருபவரை ஊரே தடுக்கும்.

ஒரு கலைஞரை ஊர் மதிப்பது, அவர் படத்தை மாட்டுவதால் மட்டும் நிறைவு பெறுவதில்லை. அவர் எதைக் கண்டு நகைத்தாரோ அதனைத் தானும் நாணி விலக்கும்போதே நிறைவு பெறுகிறது. அந்நாணத்தை நாள்தோறும் நினைவூட்டவே கலைவாணருக்கு ஒரு சுவர் வேண்டும்.