"கெமிக்கலே கிடையாதுண்ணே"

விடுதி அறையில் ஒரு தங்கச்சியின் கையில் சின்ன டப்பா. முகத்துக்கு மினுமினுப்புத் தரும் களிம்பாம். 30 கிராம், 650 ரூபாய். டப்பாவில் ஒரு பச்சை இலை, பக்கத்தில் 'பூமிக்கு நல்லது' என்று ஒரு வரி. "இது சுத்தமானதுண்ணே. கெமிக்கலே கிடையாது, எல்லாம் இயற்கை" என்றாள்.

சுத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு உறுத்தும். அதைச் சொல்லித்தானே தெருவைப் பிரிச்சான், கிணத்தைப் பிரிச்சான்! இப்போது அது 'க்ளீன்' என்று இங்கிலீஷ் சட்டை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்திருக்கிறது.

கெமிக்கல் இல்லாத களிம்பு என்று ஒன்று உலகத்தில் கிடையாது தோழர்களே. தண்ணீரும் கெமிக்கல்தான். 'க்ளீன்' என்ற சொல்லுக்கு நம் நாட்டு அழகுப்பொருள் சட்டத்தில் வரையறை இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. கம்பெனிக்காரன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொள்ளலாம். 'பாரபென் இல்லை' என்று பெரிய எழுத்தில் போடுகிறான். பாரபென் என்பது கிருமி வளராமல் காக்கிற பொருள். தண்ணீர் கலந்த களிம்பு என்றால் அந்த வேலையைச் செய்ய ஏதோ ஒன்று இருந்தே ஆகணும். பாரபெனை எடுத்துவிட்டுப் பலர் மெத்தில்ஐசோதயசோலினோன் என்று ஒன்றைப் போட்டார்கள். ஐரோப்பாவில் தோல் ஒவ்வாமை பெருகி, பூசிவிட்டுக் கழுவாமல் விடுகிற களிம்புகளில் அதை 2017இல் தடை செய்ய வேண்டி வந்தது.

சரி, இயற்கை என்றால் நல்லதுதானா? பாதரசமும் மண்ணிலிருந்து வருவதுதான். கறுப்பாக இருப்பதே குறை என்று நம் பிள்ளைகளை நம்ப வைத்த சந்தையில், வெளுப்புக் களிம்புகள் சிலவற்றில் அதைக் கலக்கிறார்கள். 2023இல் கேரளத்தின் மலப்புறத்தில் சிறுநீரக நோயோடு வந்தவர்களை மருத்துவர்கள் விசாரித்தபோது, பலரும் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது.

நான் சொல்ல வந்தது இன்னொன்று. டப்பாவின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் எழுத்தில் 'மைக்கா' என்றோ 'சிஐ 77019' என்றோ இருக்கும். வேறொன்றுமில்லை, நாம் சின்ன வயசில் பொறுக்கி விளையாடிய காக்காப்பொன். மினுமினுப்பு அதிலிருந்துதான். ஜார்க்கண்டில் கோடர்மா, கிரிடி, பீகாரில் நவாதா பக்கம் இது நிறையக் கிடைக்கிறது. 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அங்கே சட்டப்படியான சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. வாங்குகிறவன் மூடவில்லையே! கைவிட்ட குழிகளில் எலிவளை மாதிரிப் பொந்து குடைந்து ஜனங்கள் துண்டுகளைச் சுரண்டி எடுக்கிறார்கள். 'டிப்ரா' என்கிறார்கள் அதை. தலித்துகளும் ஆதிவாசிகளும் இதில் கிடந்து உழல்கிறார்கள், பிள்ளை குட்டியோடு. பொந்து சின்னது, அதில் நுழையச் சின்ன உடம்பு வேணும். தூசி நுரையீரலில் படிகிறது, மண் சரிந்தால் அங்கேயே சமாதி. இரண்டே மாதத்தில் 7 பிள்ளைகள் செத்ததை ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் நிருபர்கள் 2016இல் வெளியே கொண்டுவந்தார்கள். 2017இல் கம்பெனிகள் கூடி, 2022க்குள் குழந்தை உழைப்பை ஒழிப்போம் என்றன. பிறகு கெடுவை 2030க்குத் தள்ளிவிட்டார்கள்.

ஆய்வுக்கூடத்தில் செய்யும் மைக்காவும் இருக்கிறது. 'சிந்தெடிக் ஃப்ளூரோஃப்லோகோபைட்' என்று டப்பாவில் போடுவான். வாயில் நுழையாத பேர். தங்கச்சி அதைப் படித்திருந்தால் கெமிக்கல் என்று கீழே வைத்திருப்பாள். அதற்காக எந்தப் பிள்ளையும் பொந்துக்குள் இறங்குவதில்லை என்பது அவளுக்கு யார் சொல்வது?

'அப்போ எல்லோரும் அதையே வாங்கிட்டா டிப்ரா பொறுக்கும் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் குழிகளைச் சட்டத்துக்குள் கொண்டுவா, பெரியவர்களுக்குச் சட்டப்படி கூலி கொடு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று கேட்க வேண்டியது அரசாங்கத்தையும் வாங்குகிற கம்பெனியையும். கடையை மாற்றுவதோடு இது முடியாது.

அன்றைக்கு டப்பாவைத் திருப்பி இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். ஏழாவது பேர் மைக்கா. எந்த ஊர்க் குழியிலிருந்து வந்தது என்று எங்கேயும் இல்லை. "கம்பெனிக்கு லெட்டர் போட்டுக் கேக்கலாமாண்ணே?" என்றாள். அன்று ராத்திரியே எழுதினோம். மூணு மாசம் ஆச்சு, பதில் வரவில்லை.